முப்பத்தாறாவது சுற்று

"இன்னும் எதுக்கு சார் தள்ளிப்போடணும்?" என்று கேட்டாள் சங்கரவடிவு. "ஏழு வருஷம் ஆச்சு. கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிரலாமே."

பேராசிரியர் மச்சாது மேசையைப் பார்த்தார். கட்டுரை அவருடைய மேசையில் மூன்று நாட்களாகக் கிடந்தது.

அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. அவருக்கு முப்பத்தொன்பது.

ஒரு காலத்தில் அவள் தாவரவியல் நடத்திய வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவர் அவர். நுண்ணோக்கியில் தெரிந்ததை விட்டுவிட்டுப் புத்தகத்தில் இருந்த படத்தை வரைந்ததற்காக அவரை இரண்டு முறை வெளியே நிறுத்தியிருக்கிறாள். இன்று அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு அவரே வழிகாட்டி.

அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை மேடம் என்பார். இருவருக்கும் பழகிவிட்டது.

"மாசக் கடைசியோட என் பதிவுக் காலம் முடியுது. அதுக்குள்ள கட்டுரை போகலைன்னா பட்டமே கிடையாது."

"தெரியும், மேடம்."

"தெரிஞ்சா சரி."

அவர் சிரித்தார். கட்டுரையை மட்டும் எடுக்கவில்லை.

அவள் தேடியது உமரிச் செடிக்குள் இருந்தது. உப்பளங்களின் ஓரத்தில் மற்றச் செடிகள் கருகிப்போகும் மண்ணில் உமரி சிவந்து நிற்கும். உப்பு பட்டதும் அதன் வேரில் ஒரு மரபணு விழித்துக்கொள்கிறது என்று அவள் நம்பினாள்.

தினமும் பஸ்ஸின் ஜன்னல் வழியாக அந்தச் சிவப்பைப் பார்ப்பாள். 'நீ முழிச்சுத்தான் இருக்கே, எனக்குத் தெரியும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். காற்றில் அது தலையசைப்பதுபோல் இருக்கும்.

முதல் விதையை ஊன்றுவதற்கு முன்பே கட்டுரையின் தலைப்பை ஆய்வுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டாள். இன்றுவரை அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

மச்சாது அந்தப் பக்கத்தைத் திறந்து படித்தார். மூடிவைத்தார்.

"கருவியோட குழிகளை எப்படி நிரப்புனீங்க?"

"உப்புத்தண்ணியில வளர்ந்த வேருக்கு மூணு குழி. நல்ல தண்ணியில வளர்ந்ததுக்கு மூணு. செடியே இல்லாம வெறும் தண்ணிக்கு மூணு."

கருவி ஒவ்வொரு குழியிலும் தேடப்படும் மரபணுவின் தடயத்தைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும். மரபணு நன்றாக விழித்திருந்தால் திரையில் கோடு சீக்கிரம் எழும். அரைத்தூக்கம் என்றால் தாமதமாக எழும். வெறும் தண்ணீரில் எழவே கூடாது.

"நல்ல தண்ணி வேருல?"

"ஒண்ணும் எழலை."

"வெறும் தண்ணியில?"

"ஒண்ணும் இல்லை சார்."

"ஒண்ணுமேவா?"

சங்கரவடிவு சற்றுத் தயங்கினாள்.

"முப்பத்தாறாவது சுற்றுல மூணு குழியிலயும் லேசா ஒரு கோடு. சும்மா ஏதோ தூசி. அவ்வளவு தாமதமா வர்றதைக் கணக்குல எடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன்."

"உப்புத்தண்ணி உமரி எத்தனாவது சுற்றுல எழுந்துச்சு?"

"முப்பத்தாறு." அவள் குரல் தாழ்ந்தது. "ஆனா அது உமரி சார்."

மச்சாது இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

அச்சிட்டிருந்த கோடுகளை ஒவ்வொன்றாக வெட்டினார். உமரிக்கு மூன்று, வெறும் தண்ணீருக்கு மூன்று என ஆறு சீட்டுகள். பின்புறத்தில் ஏதோ எழுதினார். கலைத்தார். கோடுகள் மட்டும் தெரியும்படி மேசையில் வரிசையாக வைத்தார்.

"இதுல உமரி எது?"

"இதென்ன சார், கிளி ஜோசியமா?"

"கிளி நீங்கதான், மேடம். எடுங்க."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தேடவே இல்லை. இரண்டாவது சீட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இது. கண்ணை மூடிக்கிட்டுக்கூடச் சொல்லுவேன்."

அந்த வளைவை அவளுக்குத் தெரியும். பஸ் ஜன்னலின் தூசியில் எத்தனையோ முறை விரலால் வரைந்து பார்த்திருக்கிறாள்.

அவர் சீட்டைத் திருப்பினார்.

தண்ணீர்.

"இன்னொண்ணு எடுங்க."

இந்த முறை நேரம் எடுத்துக்கொண்டாள். திருப்பினார். உமரி.

அவள் மூச்சை விட்டாள்.

"இன்னொண்ணு."

தண்ணீர்.

மின்விசிறிக் காற்றில் மற்ற மூன்று சீட்டுகளும் படபடத்தன. இருவரும் அவற்றைத் தொடவில்லை.

"அப்ப உமரி முழிக்கவே இல்லையா, சார்?"

"தெரியாது."

"ஏழு வருஷத்துக்கு அப்புறமுமா?"

"அப்புறமும்."

"பதிவு போயிரும்."

"போகலாம். கூடுதல் காலம் கேட்டா கொடுக்கவும் செய்யலாம். கேட்டு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். தூரத்தில் உப்பளத்தின் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு. நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது காற்றில் அசைந்தது.

இன்று அவள் அதனிடம் எதுவும் சொல்லவில்லை. அது ஏதாவது சொல்லாதா என்று நின்றாள்.

திரும்பி வந்தபோது கட்டுரையை மேசையிலிருந்து எடுத்துப் பையில் வைத்தாள். ஒரு வெள்ளைத்தாளை இழுத்து அதில் ஓர் எண்ணை எழுதினாள். தேதியிட்டாள். கையெழுத்திட்டாள். நான்காக மடித்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்ன மேடம் இது?"

"எத்தனாவது சுற்றுக்கு மேல எழுந்தா எண்ணமாட்டேன்னு எழுதியிருக்கேன். புதுசா ஒரு முறை ஓட்டப்போறேன். அதுவரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும். வேர்ச்சாறையும் தண்ணியையும் நீங்களே குழாய்ல நிரப்பி, நம்பர் மட்டும் போட்டுக் கொடுங்க. எந்த நம்பர் எதுங்கிறதையும் நீங்களே வச்சுக்கிடுங்க."

அவர் தாளைப் பிரித்து எண்ணைப் பார்த்தார்.

"இந்த எல்லை உமரிக்கா, மேடம்? தண்ணிக்கா?"

அவள் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் குழாய்ல எது இருக்குன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"