எல்லை வாசலில் மருமகள்கள்

'ஐப்பசி மூன்றாம் நாள். யாரையும் விசாரிக்காமல் சபையில் வாய் திறந்தேன். பிழை என்னுடையது.'

இப்படி ஓலையில் கீறிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான் அரண்மனை விகடன் இளநாகன். எந்த மன்னர், எந்த ஆண்டு என்று எவருக்கும் நினைவில்லாத முன்னொரு காலத்துக் கதை இது.

ஆற்றுக்கு அக்கரை நாடும் மலைக்கு அப்பால் நாடும், "மூன்று நாட்டாரும் போய்வர எல்லை வாசல் திறந்தே இருக்கட்டும்" என்று தூது அனுப்பியிருந்தன. குடிமக்கள் மனத்தை அறிய மன்னருக்கு ஆசை பிறந்தது. அமைச்சர் வில்லவராயர் கேட்டு வந்து சொன்னார்: "ஒருவர் பாக்கியில்லாமல் வேண்டாம் என்கிறார்கள், பிரபு!"

"அப்படி இராது," என்று குறுக்கிட்டான் இளநாகன். ஆதாரம் கேட்டதும் விழித்தான்.

வில்லவராயர் விடுவாரா? "பிரபு, மக்கள் விருப்பத்தை இவரே நிறைவேற்றட்டும். அவ்விரு நாடுகளிலும் பிறந்து இங்கே வாழ்பவர் அத்தனை பேரையும் நாடு கடத்த, நாளை மாலைக்குள் எல்லை வாசலில் நிறுத்தட்டும். ஒருவர் விடுபட்டாலும் இவரும் வெளியேறட்டும்!"

"அவ்வாறே ஆகட்டும்," என்றார் மன்னர்.

மறுநாள் மாலை மன்னர் வந்து பார்த்தால், கோட்டைத் தெருவையும் தாண்டி நின்றது வரிசை. மூட்டை முடிச்சும் இடுப்பில் குழந்தையுமாகப் பெண்கள். முதலில் ஒரு பல்லக்கு. திரை விலகியது.

"ஏண்டா, பெத்தவளையே நாடு கடத்துறியா?"

மன்னரின் தாயார்! அவருக்குப் பின்னால் வில்லவராயரின் மனைவி. "எங்க ஊரு ஆகாதாம். எங்கப்பா போட்ட சங்கிலி மட்டும் இவரு கழுத்துக்கு ஆகுமாம்!" அமைச்சர் சங்கிலியை மேலாடைக்குள் தள்ளினார்.

இளநாகன் பணிந்தான். "மரியாதை முறைப்படி அரண்மனையிலிருந்து தொடங்கினேன், பிரபு. அந்த நாடுகளில் பெண் எடுக்காத வீடு நம் ஊரில் ஒன்றுகூட அகப்படவில்லை. பட்டத்தரசியார் மூட்டை கட்டுகிறார், இதோ வந்துவிடுவார்."

மன்னர் அமைச்சரிடம் திரும்பினார். "நீர் யாரைக் கேட்டீர்?"

"வீட்டு ஆண்களை, பிரபு... வேல் பிடித்த காவலரை அனுப்பி, 'அந்நியனை உள்ளே விடலாமா?' என்று..."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் பட்டாடையை இளநாகனுக்குப் போர்த்தினார். "அம்மா, வீட்டுக்கு வாருங்கள்."

"கிளம்பினது கிளம்பினதுதான். அண்ணன் வீட்டுல பத்து நாள் இருந்துட்டு வர்றேன். வாசலைச் சாத்திடாதே!"

பட்டாடைக்குள்ளும் இளநாகனுக்கு ஒரு கவலை. உண்மையாகக் கேட்டால் மக்கள் என்ன சொல்வார்களோ, அவனுக்கும் தெரியாது.

ஆகவே மன்னர் ஆணைப்படி நாளைய வேலை: வேல் இல்லாமல், வீடு வீடாக, அடுப்படிவரை போய், பெண்களையும் சேர்த்து மறுபடி கேட்பது.