பவளத்தின் சுருட்டை முடி

"நான் சொல்றது எதையும் அவ காதுல வாங்கறதில்ல, அம்மை."

மருதி இரவு வேலை முடிந்து, வீட்டிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு நேராக வந்திருந்தாள். மருத்துவமனையில் நர்ஸ். சீருடையைக்கூட மாற்றவில்லை. மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்துக்கு அவள் மூன்று வருடமாக வருகிறாள்.

ஆசிரமத்தை நடத்தும் மங்கையம்மை புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன சொன்னே?"

"நீ அழகு, உன் முடி அழகு, உன் நிறம் அழகுன்னு தினமும் சொல்றேன். சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. நேத்து சாயங்காலம் காதைச் சுட்டுக்கிட்டா."

மகள் பவளம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. இடது காதில் களிம்பு. தலையைச் சுற்றி ஒரு துண்டு.

"எதால சுட்டுக்கிட்டா?"

"முடியை நேராக்கற மிஷின்ல. வகுப்புல எல்லாரும் இவ சுருட்டையைப் பிடிச்சு இழுக்கறாங்களாம்."

"மிஷின் யாரோடது?"

மருதி பவளத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னோடது."

அம்மை தலையாட்டினார்.

"நான் நாலு பேரைப் பாக்கற வேலைல இருக்கேன், அம்மை. எனக்கு வேற வழியில்ல."

அம்மை புளித்தட்டை நடுவில் நகர்த்தினார். மருதி உட்கார்ந்து ஒரு சுளையை எடுத்தாள். பவளமும் வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

ஒரு கணவனும் மனைவியும் படியேறி வந்தார்கள். வெளியூர்க்காரர்கள். அம்மையைக் கும்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். நெற்றிப்பக்கம் துண்டு விலகியிருந்த பவளத்தைப் பார்த்து அந்தப் பெண் சிரித்தாள்.

"எவ்வளவு அழகான சுருட்டை! பாப்பாவுக்கு யாரோட முடி?"

"அவங்க அப்பா பக்கம்," என்றாள் மருதி.

"நீங்க எந்த ஊரு?"

"இங்கதான், டவுன்ல."

"பூர்வீகம்?"

"எல்லாம் டவுன்தான்."

பவளத்தின் விரல் புளியில் அப்படியே நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வந்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள். விபூதி வாங்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.

அம்மை கையிலிருந்த கொட்டையைத் தட்டில் போட்டார்.

"கேக்கறதில்லன்னு சொன்னியே, மருதி. நல்லாத்தான் கேக்கறா."

மருதி எழுந்தாள். செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு படிகளில் இறங்கி ஓடினாள்.

கீழே ஆட்டோ கிளம்பத் தயாராக நின்றது.

"அக்கா! நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"என்னம்மா பொய்?"

"நாங்க இருளர். எங்க ஊரு மேல, மலைல. பாப்பாவோடது என் முடிதான். எனக்கும் இதே சுருட்டை. நான்தான் தினமும் நேராக்கிக்கறேன்."

மூச்சு வாங்கியது அவளுக்கு.

அந்தப் பெண் மருதியின் நேரான முடியைப் பார்த்தாள். "அதுக்கென்னம்மா," என்றாள்.

கணவன் வேறு பக்கம் பார்த்தான். "ஏறு, நேரமாச்சு."

ஆட்டோ போய்விட்டது.

மருதி திரும்பினாள். பாதிப் படியில் பவளம் நின்றுகொண்டிருந்தாள்.

"மலைல எங்கேம்மா?"

மருதி கை நீட்டிக் காட்டினாள். "அந்த ரெண்டாவது மேடு தெரியுதா? அதுக்குப் பின்னால."

பவளம் வெகுநேரம் பார்த்தாள்.

"அங்க யாருக்கெல்லாம் என்னை மாதிரி முடி?"

"என் அக்காவுக்கு. மாமனுக்கு. அவங்க பிள்ளைங்களுக்கு. எல்லாருக்கும்தான்."

"இவ்வளவு கிட்டத்துல இருக்கே. ஏம்மா நாம ஒருதடவைகூடப் போனதில்ல?"

மருதி மேலே பார்த்தாள். அம்மை முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, புளித்தட்டோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"எனக்கு வெக்கமா இருந்துச்சு," என்று ஆரம்பித்தாள்.