தக்கையா, கண்ணாடிப் பஞ்சா?

உலகநாதனுக்கு அன்று காலையிலிருந்தே கோபம். மூன்று மாதமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆசிரமத் தலைவி மங்களேஸ்வரி அம்மா பதில் சொல்வதாகவே இல்லை. யாருக்குத்தான் கோபம் வராது?

கேள்வி ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் உச்சி வெயிலில் ஒதுங்க அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. அவர்களுக்கு ஓய்வறையாக மாற்றலாம் என்று ஆசிரமம் ஒரு பழைய சரக்கு வேனை வாங்கியிருந்தது. வெறும் தகரக் கூடு. வெயில் ஏறினால் தோசைக்கல்தான். உள்ளே சூடு இறங்காமலிருக்கச் சுவரிலும் கூரையிலும் எதைப் பதிப்பது? அதுதான் கேள்வி.

உலகநாதன் முப்பது வருடம் மீன் குளிர்பதனக் கிடங்கில் பொறியாளராக இருந்தவர். சூட்டைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அம்மா அவரைவிட இருபது வயது இளையவர், முன்பு நர்ஸ் வேலை பார்த்தவர். ஆனாலும் ஓய்வு பெற்ற கையோடு உலகநாதன் அவரிடம்தான் சீடராக வந்து சேர்ந்தார். கடைசி முடிவு அம்மா வாயிலிருந்து வர வேண்டும் என்பதில் ஒரே பிடிவாதம்.

மாசியில் தெர்மாகோல் பதித்தார். தீப்பொறி பட்டால் போச்சு என்று அவரே பிய்த்துப் போட்டார். பங்குனியில் கண்ணாடிப் பஞ்சு. அதன் தூசி மூச்சில் ஏறுமோ என்று சந்தேகம். சித்திரையில் தக்கை. ஒவ்வொரு முறையும் வேனை உப்பளத்துக் கரையில் நிறுத்தி, பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை கதவைப் பூட்டி, வெப்பமானியின் கம்பியை உள்ளே விட்டு, வெளியே நின்று அளவு குறித்தார். யோசனை சொல்ல வந்த மற்ற சீடர்களைக் கடித்துக் குதறினார்.

வாரம் தவறாமல் அம்மா முன்னால் போய் நிற்பார். எது நல்லது? "வெயில் ஏறிக்கிட்டே போகுதே அண்ணாச்சி" என்பார் அம்மா. அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு பதிலா?

அன்று ஒரு மணி இருக்கும். உப்புச் சுமக்கும் பேச்சியம்மாள் தள்ளாடிக்கொண்டு வேன் பக்கம் வந்தாள்.

"தலை சுத்துது ஐயா. செத்த நேரம் உள்ள உக்காந்துக்கிடட்டுமா?"

அவருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கதவைத் திறந்தால் அன்றைய அளவு கெட்டுவிடும். ஆள் விடும் மூச்சுக்கே சூடு ஏறும். உங்களுக்காகத்தானே இவ்வளவு பாடும், மூணு மணி வரைக்கும் பொறுத்துக்கோ என்று சொன்னார். பேச்சி டயர் ஓரமாக ஒரு சாண் நிழலில் குந்தினாள். பத்து நிமிடத்தில் அப்படியே சரிந்தாள்.

பெண்கள் பாத்திகளை விட்டு ஓடி வந்தார்கள். ஒருத்தி பக்கத்திலிருந்த ஆசிரமத்துக்கு ஓடி அம்மாவை அழைத்து வந்தாள். அம்மா பேச்சியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உலகநாதனிடம் சாவிக்காகக் கையை நீட்டினார்.

கொடுக்கும்போது அவர் கை ஒரு நொடி தயங்கியது. அத்தனை பெண்களும் அதைப் பார்த்தார்கள்.

பேச்சியை உள்ளே கிடத்தி ஈரத்துணியால் துடைத்து விசிறினார்கள். அரைமணி கழித்துக் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

வெளியே நின்ற உலகநாதனுக்கு அவமானம் பாதி, ஆத்திரம் பாதி. அம்மா கீழே இறங்கியதும் வெடித்துவிட்டார்.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டிருந்தா முடிவு தெரிஞ்சிருக்கும்மா. எல்லாம் போச்சு. மூணு மாசமா கேக்கேன், ஒரு வார்த்தை சொல்லல நீங்க. இப்பவாவது சொல்லுங்க. தக்கை நல்லதா, கண்ணாடிப் பஞ்சு நல்லதா?"

அம்மாவின் முகம் சிவந்திருந்தது. அவர் கோபப்பட்டு உலகநாதன் அதுவரை பார்த்ததில்லை. குரல் மட்டும் உயரவில்லை.

"பேச்சிகிட்ட கேளுங்க அண்ணாச்சி. இந்த மூணு மாசத்துல வேனுக்குள்ள படுத்துப் பாத்தவ அவ ஒருத்திதான்."