உள்மடிப்பு

கனகசபை மூன்றாவது பூந்தொட்டியை இழுத்து, மற்ற இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினார். முற்றம் முழுவதும் சிமென்ட் தரை. ஒரு நாலடிச் சதுரத்தில் மட்டும் டைல்ஸ் பதித்திருந்தது. குரோட்டன்ஸ் இலைகளுக்குக் கீழே இப்போது அது தெரியவில்லை.

"தொட்டி ஏது சார்?"

ரெஜினா கேட்டருகே நின்றிருந்தாள்.

"நர்சரியில வாங்குனேன். பச்சையா இருந்தா வர்றவங்களுக்குப் பிடிக்கும்."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்கள்ல?"

"ஆச்சும்மா" என்றார், இலையிலிருந்த தூசியை ஊதிக்கொண்டே.

ரெஜினாவுக்கு நாற்பத்தொரு வயது. திருச்சியில் பதினாறு வருடமாக வீடு வாங்கி, விற்றுக் கொடுக்கிறாள். கனகசபைக்கு ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை விரித்தவர். கடையை மூடிய பிறகு அவளிடம் தொழில் கற்க வந்து மூன்று மாதம் ஆகிறது. அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை சார் என்பாள்.

வீட்டில் என்ன குறை இருந்தாலும், பார்க்க வருகிறவர்களிடம் ரெஜினா முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவாள். சாவியையும் கையில் வாங்கமாட்டாள். வீட்டுக்காரர்தான் வந்து திறக்க வேண்டும். இரண்டுமே கனகசபைக்குப் பிடிபடவில்லை.

"சேலையில இழை விட்டிருந்தா, அந்த மடிப்ப உள்ள வெச்சுத்தாம்மா விரிப்போம்" என்று முதல் வாரமே சொல்லியிருந்தார். "முந்தானை மனசுல விழுந்துட்டா யாரும் முழுசாப் பிரிச்சுப் பாக்கமாட்டாங்க."

"வீட்டுல போய்ப் பிரிப்பாங்களே?"

"பிரிப்பாங்க. அதுக்குள்ள கடையத் தாண்டியிருப்பாங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இந்த வீட்டின் குறை அந்த நாலடிச் சதுரம். அங்கே தரைக்கடியில் தண்ணீர் பிடிக்கும் சம்ப் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு தணிகைவேல், சுகுணா தம்பதியின் ஒரே குழந்தை அதில் விழுந்து இறந்துபோனது. மறுவாரமே மண்ணைக் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் பதித்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டுக்குப் போனார்கள். ஆனால் சுகுணா தினமும் வந்து முற்றத்தைப் பெருக்கினாள். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

ரெஜினா விஷயத்தைச் சொன்னதும் மூன்று குடும்பங்கள் பார்க்க வராமலே நின்றுவிட்டன. போன வாரம் தணிகைவேல் கனகசபையைத் தனியே பிடித்துக்கொண்டார்.

"வீடு கைமாறினாத்தான் சார் அவ தொடப்பத்தக் கீழ வெப்பா. இந்தத் தடவ சொல்லாதீங்க. உங்க மேடத்துக்கும் தெரியவேணாம்."

கனகசபையால் மறுக்க முடியவில்லை. வீடு வாங்க நினைத்த பாஸ்கரனை அவரே தேடிப் பிடித்தார். அவருடைய முதல் பார்ட்டி.

"ஒரு சந்தேகம்மா" என்றார் இப்போது. "விக்கிறவரும் நம்மள நம்புறாரு, வாங்குறவரும் நம்மள நம்புறாரு. நாம யாரோட ஆளு?"

"வண்டிய நிழல்ல விடுங்க சார். சீட்டு சுடும்" என்றாள் ரெஜினா.

அவர் வண்டியை நகர்த்திவிட்டு வரும்போது தணிகைவேலும் சுகுணாவும் வந்துவிட்டிருந்தார்கள்.

"உன்ன யாரு வரச் சொன்னா? சாவிய எங்கிட்டக் குடுக்கலாம்ல?" என்று தணிகைவேல் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் பெருக்கல" என்றாள் சுகுணா.

கதவைத் திறந்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். பூந்தொட்டிகளைப் பார்த்ததும் நின்றாள். சுவரோரமாகப் பெருக்க ஆரம்பித்தாள்.

பாஸ்கரனும் அவன் மனைவி செவ்வந்தியும் பத்து நிமிடம் கழித்து வந்தார்கள். செவ்வந்தியின் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. அறைகளைப் பார்த்தார்கள். சமையலறை ஜன்னலைத் திறந்ததும் காற்று வந்தது.

"பாத்தியா, ஃபேனே வேணாம்" என்றான் பாஸ்கரன்.

"அப்ப ஃபேன் காசுல எனக்கு மிக்ஸி" என்றாள் செவ்வந்தி.

கனகசபை பலமாகச் சிரித்தார். முந்தானை மனதில் விழுந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

முற்றத்துக்கு வந்ததும் பாஸ்கரன் சுற்றிலும் பார்த்தான்.

"சம்ப் எங்க சார்?"

"சம்ப் இல்லீங்க. கார்ப்பரேஷன் தண்ணி நேரா மேல ஏறிடும்" என்றார் கனகசபை.

"கோடைக்குப் பத்தாதே." பாஸ்கரன் பூந்தொட்டிகளிடம் போனான். "பரவால்ல. இதுங்கள நகத்திட்டா இங்கயே தோண்டிடலாம். வாகான இடம்." தொட்டிகளுக்கு நடுவே தெரிந்த டைல்ஸைக் குதிகாலால் இரண்டு முறை தட்டினான். "ரெண்டு நாள் வேலை. சரிதான சார்?"

துடைப்பத்தின் சத்தம் நின்றது.

ரெஜினா கனகசபையைப் பார்த்தாள். அவர் கீழே பார்த்தார். பிறகு அவள் சுகுணாவிடம் போனாள்.

"நான் சொல்லவாம்மா, நீங்க சொல்றீங்களா?"

"சுகுணா, நீ உள்ள போ" என்றார் தணிகைவேல்.

சுகுணா போகவில்லை.

"அங்க சம்ப் இருந்துச்சு தம்பி. மூடிட்டோம்" என்றாள். "லாரித் தண்ணி விட்டாங்க. மூடி சரியாப் படியல. நான் உள்ள வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்தேன். நாலே நாலு வெங்காயம்."

பாஸ்கரன் காலை எடுத்துக்கொண்டான். செவ்வந்தி குழந்தையை இடுப்பிலிருந்து மார்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"பாப்பா பேரு என்னக்கா?"

சுகுணா அவளையே பார்த்தாள்.

"அமுதினி" என்றாள். "ரெண்டு வயசு, நாலு மாசம்." சற்றுப் பொறுத்து, "பேர யாரும் கேக்கவே இல்ல" என்றாள்.

செவ்வந்தியின் குழந்தை துடைப்பத்தைப் பிடிக்கக் கையை நீட்டியது. சுகுணா துடைப்பத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அழுக்குடா கண்ணு" என்றாள்.

"போன் பண்றோம் சார்" என்றான் பாஸ்கரன் கேட்டருகே. பண்ணமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் தணிகைவேல் ரெஜினாவிடம் வந்தார்.

"மூணு பேர விரட்டுனீங்க. இது நாலாவது. நீங்க யாருக்குத்தாங்க புரோக்கர்?"

"வேற ஆளு பாக்குறதுன்னா பாருங்கண்ணே. நான் தப்பா நெனைக்கமாட்டேன்" என்றாள் ரெஜினா.

"கனகசபை சாரத் திட்டப் போறீங்களா? திட்டாதீங்க. நான்தான் சொல்லவேணாம்னு கெஞ்சுனேன்."

"திட்டலண்ணே."

தணிகைவேல் வெளியே போய், ஸ்கூட்டரில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுகுணா மறுபடி பெருக்க ஆரம்பித்தாள். பூந்தொட்டிகள் வரை வருவாள், திரும்பிவிடுவாள்.

கனகசபை ரெஜினாவிடம் வந்தார்.

"உங்ககிட்ட பொய் சொன்னது தப்புதாம்மா."

ரெஜினா தலையாட்டினாள்.

"ஆனா நீங்க அந்தம்மாவப் பேசவிடாம இருந்திருந்தா, அடுத்த மாசம் கிரயம் முடிஞ்சிருக்கும். அவங்களுக்கு ஒரு விடுதலை. இவங்களுக்கு ஒரு வீடு. இப்ப யாருக்கு என்ன நல்லது செஞ்சோம்?"

"வாடகை வீடு ரெண்டு தெரு தள்ளித்தான சார் இருக்கு?"

"ஆமா."

"கிரயம் முடிஞ்ச மறுநாள் பாஸ்கரன் இங்க கடப்பாரையப் போட்டிருப்பாரு. அந்தச் சத்தம் அங்க கேக்குமா, கேக்காதா?"

ரெஜினா ஜன்னல்களைச் சாத்த உள்ளே போனாள்.

கனகசபை கேட்டுவரை நடந்தார். சுகுணாவின் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றி வைத்தார். திரும்பி வந்து முதல் தொட்டியைத் தூக்கினார்.