பொம்மை படுத்த கட்டில்

"திறந்து வச்சாலும் ஃபெயில், பூட்டி வச்சாலும் ஃபெயில். நான் என்னதான் செய்யணும் மேடம்?" என்று கேட்டார் ஜெபக்கனி.

இருபத்திரண்டு வருஷம் ஐசியூவில் நர்ஸாக இருந்தவர். ஆஸ்பத்திரிக் கருவிகளுக்குள் நெட்வொர்க் வழியாக யாரும் புகுந்துவிடாமல் காக்கும் படிப்புக்கு நாற்பத்தேழு வயதில் வந்து சேர்ந்திருந்தார். சொல்லிக்கொடுக்கும் மோகனப்பிரியாவுக்கு இருபத்தெட்டு. இருவரில் யார் டீச்சர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள்.

பரீட்சை ஒன்றுதான். கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை. அதன் கையில் மருந்து ஏற்றும் பம்ப். அதைக் காக்க வேண்டும்.

முதல் தடவை ஜெபக்கனி பூட்டே போடவில்லை. மோகனப்பிரியா நாற்காலியை விட்டு எழாமல், செல்போனிலேயே மருந்தின் அளவைக் கூட்டிக் காட்டினார்.

இரண்டாம் தடவை பன்னிரண்டு எழுத்தில் பாஸ்வேர்டு. மோகனப்பிரியா அலாரத்தை அலறவிட்டு, ஈரக் கையுறையை நீட்டி, அதை மாட்டிக்கொண்டு பம்பைத் திறக்கச் சொன்னார். விரல் வழுக்கி மூன்று முறை தப்பாக அழுந்தியது. பூட்டு தன் வேலையைப் பிரமாதமாகச் செய்தது, பொம்மைதான் செத்துப்போனது.

"என்ன செய்யணும்னு எனக்கும் தெரியாது சிஸ்டர். நான் கட்டில் பக்கத்துல நின்னதில்ல."

மூன்றாவதுதான் கடைசி. தவறினால் சான்றிதழும் இல்லை, வேலையும் இல்லை.

நெட்வொர்க்கிலிருந்து வரும் கட்டளைகள் அத்தனையையும் ஜெபக்கனி அடைத்தார். தூரத்திலிருந்து அளவைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. பம்பின் பொத்தான்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

செல்போன் தோற்றது. ஈரக் கையுறை ஜெயித்தது.

ஆனால் மதிப்பெண் தாளில் 'பாஸ்வேர்டு உண்டா' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் இல்லாவிட்டால் மேலிடத்தில் ஏற்க மாட்டார்கள் என்றார் மோகனப்பிரியா.

ஜெபக்கனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேனாவை வாங்கி, 'இல்லை' என்று அழுத்தி எழுதினார்.

"வர்றவன் போறவன் பொத்தான அமுக்கினா?"

"பக்கத்துல வர்றவன நான் கண்ணால பாப்பேன், கையத் தட்டி விடுவேன். ஃபோன்ல வர்றவன எங்க போய்ப் பாக்க? பூட்டின மெஷினுக்கு முன்னால நின்னு ஒரு உயிரப் பறிகொடுத்திருக்கேன் மேடம். இனிமே பூட்ட மாட்டேன். ஃபெயில்னா ஃபெயில்."

மோகனப்பிரியா கட்டிலருகே போனார். பொம்மையைத் தூக்கிக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்து, சுடிதார் கையைச் சுருட்டிக்கொண்டார்.

"ஊசி போடுங்க சிஸ்டர். உங்க பம்ப எனக்கே மாட்டுங்க."