முதலில் எதை மாற்றுவது?

கோயம்புத்தூரில் முருகாத்தாள் என்றொரு கார் மெக்கானிக் இருந்தாள். அவள் ஷெட் இருந்த இடம் மில் முதலாளி குழந்தைவேலுவுடையது. அந்த மிதப்பில் அவர் ஒருநாள் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் கூட்டாளிகளோடு வந்து இறங்கினார்.

“அம்மிணி, ஞாயித்துக்கிழமை பந்தயம். முதல்ல இன்ஜின் பவரைக் கூட்டு. அப்புறம் சைலன்சர், சத்தம் ஊரையே எழுப்போணும்.”

“பிரேக் தேஞ்சு கெடக்குதுங்க. முதல்ல அதை மாத்தோணும்.”

“பிரேக்கைப் பார்த்து எவன் கை தட்டுவான்? சொன்னதைச் செய், இல்லாட்டி ஷெட்டைக் காலி பண்ணு.”

“சரிங்க. ஆனா கை வைக்கறதுக்கு முன்னாடி காரை நான் ஓட்டிப் பாப்பேன், சொந்தக்காரர் பக்கத்துல உக்காரோணும். அது எங்க ஷெட்டு வழக்கமுங்க.”

ஷெட்டுக்குப் பின்னாலிருந்த ஆளில்லாத பந்தயத் தடத்தில் முருகாத்தாள் மிதித்த மிதியில் கார் பறந்தது. வளைவு வந்ததும் குழந்தைவேலு அலறினார்.

“பிரேக்கு! ஐயோ, பிரேக்கைப் போடு!”

போட்டாள். கார் நிற்காமல் இழுத்துக்கொண்டு போய், அவள் முன்பே பார்த்துவைத்திருந்த மணல்மேட்டில் ஏறி நின்றது. ஷெட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளிகள் ஓடிவந்தார்கள்.

“வளைவுல பிரேக்குதான் கேட்டீங்க. பவர் பத்தலைன்னு ஒருக்காக்கூடச் சொல்லலீங்களே?”

கூட்டாளிகள் சிரித்துவிட்டார்கள். முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“இன்னிக்கே ஷெட்டைக் காலி பண்ணு!”

“பண்ணிக்கறேனுங்க. காரை நீங்களே வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிருங்க.” சாவியை நீட்டினாள்.

முதலாளி சாவியைப் பார்த்தார், கூட்டாளிகளைப் பார்த்தார். அவர்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள்.

“பிரேக்கையே முதல்ல மாத்திரு.”

“அப்ப ஷெட்டுங்க?”

“அது எங்கே போகுது? நீ பிரேக்கைப் பாரு, தாயி!”