செங்கேணி ஓட்டிவந்த நெல்லுப் படகு

ஒரு ஊர்ல ஒரு துறைமுகம். பேருதான் துறைமுகம், கப்பல் ஒதுங்க இடமே கிடையாது. அலை அப்படி அடிக்கும், தடால் தடால்னு! ஒரு ஐப்பசியில புயல் புடிச்சுக்கிச்சு. அரிசிக் கப்பல் ஒண்ணும் கிட்ட வர முடியல. ஊரே பட்டினி. கேக்கறியா? ம் சொல்லு.

அந்த ஊர்லேர்ந்து வடக்கே நெல்லு விளையற சீமை வரைக்கும் புதுசா ஒரு கால்வா வெட்டியிருந்தாங்க. எத்தனை சனங்க மண்ணு சுமந்தாங்க தெரியுமா! ஆனா, கரை சரிஞ்சு படகு முழுகிடும்னு பயந்து யாருமே அதுல சரக்கு ஏத்தல.

அப்போ வடக்கே செங்கேணின்னு ஒரு படகுக்காரி. "அங்க புள்ளைங்க பட்டினியாம். நெல்லு ஏத்திட்டுப் போறேன்"னா.

அவ புருஷன் கன்னியப்பன், "படகு போச்சுன்னா நம்ம பொழைப்பு?"ன்னான்.

"கால்வா வெட்டுன ஆளுதானே நீ? உன் கையை நீயே நம்பலயா?"

அவன் சிரிச்சுட்டான். கழியை எடுத்துக்கிட்டு ஏறிட்டான்.

கொஞ்ச தூரம் போனா, சரக்! மணல்ல தட்டிடுச்சு. ரெண்டு பேரும் இடுப்பளவு தண்ணியில இறங்கித் தள்ளினாங்க. அப்புறம் ஊஊன்னு எதிர்க்காத்து. கன்னியப்பன் கரையேறிக் கயித்தால இழுத்தான், தோளெல்லாம் தோல் உரிஞ்சுபோச்சு. ம்?

அப்புறம்தான் பெரிய ஆபத்து. ஒரு குப்பத்து சனங்க தடியோட மறிச்சுட்டாங்க. கண்ணெல்லாம் உள்ள போய்க் கிடக்கு. "நெல்லை இறக்கு!"

கன்னியப்பன் கழியை ஓங்கினான். "கீழ போடுய்யா"ன்னா செங்கேணி. தானே மூட்டையைப் பிரிச்சு வீட்டுக்கு வீடு அள்ளிக் குடுத்தா.

"மிச்சம் துறைமுகத்துப் புள்ளைங்களுக்கு. வயித்துக்குக் கொஞ்சம் போட்டுக்கிட்டு, கூட வந்து இழுக்கறீங்களா?"

அப்புறம் ஒரு கிழவர் தடியை வீசிட்டுக் கயித்தைப் புடிச்சார். அவ்ளோதான், எல்லாரும் புடிச்சாங்க. ஏலேலோ ஐலசா! படகா அது? பறந்துச்சு! துறைமுகத்துல போய்தான் நின்னுச்சு.

அப்புறம் பின்னாலயே எத்தனை படகு! விறகு, உப்பு, கிளிஞ்சல், வைக்கோல்... கால்வாக் கரையில கிடங்கு வந்துச்சு, சந்தை வந்துச்சு. புயல் ஓஞ்சப்புறம் கப்பல்லேர்ந்து படகுல இறக்குன துணிமணியெல்லாம் கால்வா வழியா உள்ளூருக்குப் போச்சு. கடலையே பார்த்துக்கிட்டிருந்த ஊரு, கால்வாப் பக்கமும் வாசல் வச்சுக்கிச்சு.

அதெல்லாம் பின்னாடிடா கண்ணு. படகு வந்த அன்னிக்கு, தெருத்தெருவா உலக்கைச் சத்தம், நங்கு நங்குனு. உலையெல்லாம் தளபுளன்னு கொதிச்சுச்சு. அந்த ஊருப் புள்ளைங்க வயிறு நெறையத் தின்னுட்டு, சோத்துக் கையோடயே சாஞ்சு தூங்கிடுச்சுங்க.

கதை கரை சேந்தாச்சு. நீயும் கண்ணை மூடு.